ஆர்கனான் ஆறாவது பதிப்பு: 1842இல் முடிந்தது, 1921இல் வந்தது

"ஹானிமன் 1843இல் இறந்துவிட்டார். ஆறாவது பதிப்பு 1921இல் வந்தது என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. ஒரு அட்டையில் டட்ஜன் பெயர், இன்னொன்றில் போரிக் பெயர். எது உண்மையான ஆர்கனான், எதை வாங்குவது?" இதுதான் நீங்கள் கேட்டது. ஹானிமன் ஹோமியோபதியைத் தொடங்கிய ஜெர்மன் மருத்துவர், ஆர்கனான் அந்த மருத்துவ முறையின் அடிப்படை நூல், டட்ஜனும் போரிக்கும் அதை ஆங்கிலத்தில் தந்தவர்கள். வாங்குவதைப் பற்றி மட்டும் என்றால் இரண்டு வரியில் முடித்துவிடலாம். ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். ஆசிரியர் இறந்து 78 வருடம் கழித்து, வேறு யாரோ அச்சிட்ட ஒன்றை அவர் எழுதியது என்று எப்படி நம்புவது? அதற்குத்தான் இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் ஹோமியோபதி மருத்துவன் அல்ல. ஒரு ஹோமியோபதி மருத்துவக் கல்லூரியில் நூலகராக 20 வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் புத்தகத்தின் பதிப்புகளைத்தான் மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜெர்மன் அகராதியை வைத்துக்கொண்டு மெதுவாகப் படிப்பேன். ஆறாம் பதிப்பின் கையெழுத்துப் படியை நேரில் பார்த்ததில்லை, பார்த்தாலும் அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்து எனக்குப் பிடிபடாது. இந்த மருந்து வேலை செய்யுமா என்ற விவாதத்துக்கும் இங்கே போகவில்லை. அறிவியல் உலகின் பெரும்பான்மைக் கருத்து எதிராக இருக்கிறது என்பது தெரிந்ததே. ஹோமியோபதியில் வீரியம் என்பது மருந்தை எத்தனை தடவை நீர்த்துக் குலுக்கினார்கள் என்ற கணக்கு. ஒவ்வொரு தடவையும் நூறில் ஒரு பங்காக நீர்க்கும் நூறுமடங்கு வீரியத்தில் 12ஐத் தாண்டினால் மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை என்பது பள்ளி வேதியியல். புத்தகத்தின் வரலாறு அதைச் சாராமல் தனியாக நிற்கக்கூடியது.

ஆர்கனான் ஒரு புத்தகம் அல்ல, ஆறு புத்தகங்கள் என்று எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதலாவது 1810இல் டிரெஸ்டன் நகரத்து ஆர்னால்ட் பதிப்பகத்தில் வந்தது. அப்போது ஹானிமன் தோர்காவு என்ற சிறு நகரத்தில் குடியிருந்தார், வயது 55. தலைப்பு "பகுத்தறிவு மருத்துவத்தின் ஆர்கனான்" என்ற பொருளில் இருக்கும். ஆர்கனான் என்பது அரிஸ்டாட்டிலின் தர்க்க நூல்களுக்கு வழங்கிய பெயர். பேக்கன் பிற்பாடு "புதிய ஆர்கனம்" எழுதினார். தானும் ஒரு துறைக்கு அடிப்படைக் கருவி செய்து தருவதாக ஹானிமன் நினைத்திருக்கிறார், அடக்கம் கொஞ்சம் குறைச்சல்தான். மொத்தம் 271 பத்திகள், ஒவ்வொன்றுக்கும் எண். நம் கல்லூரிகளில் இவற்றை அஃபாரிசம் என்று சொல்லி எண்ணோடு மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஜெர்மன் மூலத்தில் பத்திக் குறியும் எண்ணும் மட்டும்தான், சட்டப் புத்தகத்தில் இருப்பதைப் போல.

இந்த 1810 திடீரென்று வந்துவிடவில்லை. கல்லன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் மருந்தியல் நூலை 1790இல் மொழிபெயர்த்தபோது, சிங்கோனாப் பட்டை பற்றிக் கல்லன் சொன்னதில் திருப்தியில்லாமல் தானே பட்டையைச் சாப்பிட்டுப் பார்த்தது தொடக்கம். 1796இல் ஹூஃபெலாண்டின் மருத்துவ இதழில் ஒரு நீண்ட கட்டுரை. 1805இல் மருந்துகளின் விளைவுகளைப் பட்டியலிட்டு லத்தீனில் ஒரு நூலும், "அனுபவ மருத்துவம்" என்ற சிறு நூலும். 1807இல் அதே இதழில் வந்த கட்டுரைத் தலைப்பில் "ஹோமியோபதி" என்ற சொல் வருகிறது. இந்தத் துண்டுகளையெல்லாம் கோத்துக் கட்டியதுதான் முதல் ஆர்கனான். வந்த வருடமே பெர்லினிலிருந்து ஹெக்கர் என்பவர் கடுமையாகத் தாக்கி எழுதினார். 1811இல் அதற்கு மறுப்பு வந்தது, ஹானிமனின் மகன் ஃபிரெடரிக் பெயரில். அப்பாவின் பேனாதான் அதற்குள் ஓடியிருக்கிறது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நடை அப்படித்தான் படுகிறது, ஆனால் அது ஊகம். அட்டையில் இருப்பது மகன் பெயர்.

முதல் பதிப்பின் முதல் பத்தி, நோயுற்ற மனிதர்களை நலமாக்குவதைவிட உயர்ந்த இலக்கு மருத்துவனுக்கு இல்லை என்று ஆரம்பிக்கிறது. இன்று எல்லோரும் ஒப்பிக்கும் வாசகம் அது அல்ல. "மருத்துவனின் உயர்ந்ததும் ஒரே ஒன்றுமான பணி" என்பது பிற்பாடு இறுக்கியது. இலக்கு என்பது பணியாக மாறியது, "ஒரே" என்பது சேர்ந்தது. சின்ன மாற்றம்தான். ஆனால் இந்த மனிதர் தன் புத்தகத்தை எப்படித் திருத்துவார் என்பதற்கு நான் மாணவர்களிடம் காட்டுவது இதைத்தான். அவர் வாக்கியத்தைத் தூக்கி எறிவதில்லை. திருகாணியை இன்னொரு சுற்றுச் சுற்றுவார்.

இரண்டாம் பதிப்பு 1819இல் வந்தது, 315 பத்திகள். தலைப்பிலிருந்து "பகுத்தறிவு" போய்விட்டது, "நலமாக்கும் கலையின் ஆர்கனான்" ஆயிற்று. முதல் பதிப்பின் முகப்பில் கெல்லர்ட் என்ற ஜெர்மன் கவிஞரின் வரிகள் இருந்தன. அந்த இடத்தில் "அறியத் துணி" என்ற லத்தீன் தொடர் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அது போகவே இல்லை, நம் கல்லூரி மலர்களின் அட்டையில்கூட அச்சாகிறது. மூன்றாவது 1824, 317 பத்திகள். நான்காவது 1829, 292 பத்திகள். இந்த நான்காவதுதான் வெளிநாட்டுக்குப் போனது. டெவ்ரியண்ட் அதை ஆங்கிலமாக்க, 1833இல் டப்ளினில் அச்சானது. அதையே வைத்து, அமெரிக்காவில் ஹோமியோபதியைப் பரப்பிய ஹெரிங்கின் முன்னுரையோடு 1836இல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுனில் அமெரிக்கப் பதிப்பு போட்டார்கள். பிரெஞ்சில் புருன்னோ அதற்கு முன்பே, 1824இல், ஒன்று கொண்டுவந்திருந்தார்.

நான்காவதுக்கும் முந்தியவற்றுக்கும் உள்ள வேறுபாடு பத்தி எண்ணிக்கை மட்டுமல்ல. 1828இல் ஹானிமன் நாட்பட்ட நோய்கள் பற்றிய நூலை வெளியிட்டு, சோரா என்ற கருத்தைக் கொண்டுவந்தார். பெரும்பாலான நாட்பட்ட நோய்களுக்கு அடியில் இருப்பதாக அவர் சொன்ன மூலக்கோளாறு அது. அடுத்த வருடம் அது ஆர்கனானுக்குள்ளும் நுழைந்துவிட்டது. உடலை இயக்குவதாக அவர் கருதிய உயிராற்றல் பற்றிய பேச்சு கனத்து, ஐந்தாம் பதிப்பில் நடுக்கூடத்துக்கே வந்துவிட்டது. ஆகவே "ஹானிமன் ஆர்கனானில் உயிராற்றல் என்கிறார்" என்று யாராவது எழுதினால், எந்த ஆர்கனானில் என்று கேட்க வேண்டும். 1810இல் புத்தகம் வாங்கியவர் கையில் இருந்தது மிகவும் வேறு மாதிரியான, கொஞ்சம் நிதானமான ஒன்று. வேடிக்கை என்னவென்றால் அந்த முதல் பதிப்பை ஆங்கிலத்தில் படிக்க 1913 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம்தான் வீலர் மொழிபெயர்த்து எவ்ரிமேன் என்ற ஆங்கில நூல் வரிசையில் வந்தது.

ஐந்தாவது 1833, 294 பத்திகள், அதே ஆர்னால்ட். ஹானிமன் உயிரோடு இருந்து, அச்சில் பார்த்து, கையில் பிடித்த கடைசி ஆர்கனான் இது. இதில் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது, பின்னால் வரும் தகராறுக்கு அது தேவை. அந்த வருடம் ஏஜிடி என்ற சீடர், இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துக் குணம் கண்டதாக ஹானிமனுக்கு எழுதினார். ஹானிமன் உற்சாகமாகி, ஐந்தாம் பதிப்பில் இதற்கென்று ஒரு பத்தி சேர்ப்பதாகச் சொல்லிவிட்டார். ஒரு சமயத்தில் ஒரு மருந்து என்பதுதானே மொத்தக் கட்டடத்துக்கும் தூண்! மற்ற சீடர்கள் பதறிப்போனார்கள். 1833 ஆகஸ்டில் கோத்தன் நகரில் கூடிப் பேசி அவரை மாற்றினார்கள், பத்தி அச்சுக்கு முன்பே எடுக்கப்பட்டது. எடுத்த தாள் மட்டும் அழியவில்லை.

அப்புறம் மெலனி வருகிறார். 1834 அக்டோபரில் பாரிஸிலிருந்து கோத்தனுக்கு வைத்தியத்துக்கு வந்த பெண்மணி. அடுத்த ஜனவரியில் திருமணம். ஹானிமனுக்கு 79, மெலனிக்கு 34. 1835 ஜூனில் இருவரும் பாரிஸ் போய்விட்டார்கள். அங்கே நோயாளிகள் கூட்டம். சீடர் போனிங்ஹாசனுக்கு ஹானிமன் எழுதிய கடிதத்தில், ஆறாம் பதிப்புக்காக ஞாயிறும் வியாழனும் சில மணி நேரம் ஒதுக்குவதாகவும், மிச்ச நேரமெல்லாம் நோயாளிகளுக்கே போவதாகவும் சொல்கிறார். 80 வயதைத் தாண்டிய மனிதர். 1842 பிப்ரவரியில் டியூசல்டார்ஃப் பதிப்பாளர் ஷௌபுக்குக் கடிதம்: பதினெட்டு மாத உழைப்பில் ஆறாம் பதிப்பை முடித்துவிட்டேன், இதுவரை வந்தவற்றில் முழுமைக்கு மிக அருகில் இருப்பது இதுதான், நல்ல தாளில், புது எழுத்தில் போட வேண்டும், இது கடைசியாக இருக்கும். நாட்பட்ட நோய்கள் நூலின் பிந்திய பாகங்களைப் போட்டவர் இதே ஷௌப்தான், அதனால்தான் கடிதம் ஆர்னால்டுக்குப் போகவில்லை. அச்சு மட்டும் நடக்கவில்லை. 1843 ஜூலை 2இல் ஹானிமன் இறந்தார்.

இந்த இடத்தில் உங்கள் கேள்விக்கு நேரான பதிலைச் சொல்லிவிடலாம். ஆறாம் பதிப்பின் "கையெழுத்துப் படி" என்றதும் வெள்ளைத்தாளில் புதிதாக எழுதிய கட்டு ஒன்றை நீங்கள் கற்பனை செய்தால், அது அப்படி இல்லை. ஐந்தாம் பதிப்பின் அச்சுப் பிரதி ஒன்றை எடுத்து, பக்கங்களுக்கு நடுவே வெள்ளைத்தாள் வைத்துத் தைத்து, அதில்தான் வேலை செய்திருக்கிறார். அச்சு வரியை அடிப்பது, ஓரத்தில் எழுதுவது, இடம் போதாவிட்டால் எதிர்த்தாளில் தொடர்வது. பழைய அச்சகங்களில் திருத்தப் படி போனதைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். அதனால் ஆறாம் பதிப்பின் பெரும்பகுதி 1833இல் அவரே அச்சில் பார்த்த வரிகள்தான். மேலே விழுந்தவை அவர் கைத் திருத்தங்கள். அவருடையதா என்றால், ஆம். அச்சுப்படி பார்த்து அவரே கையெழுத்திட்டு அனுப்பியதா என்றால், இல்லை. இந்த இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்த 78 வருடக் கதையில் ஆவணம் சொல்வதும், ஆட்கள் சொல்வதும் தனித்தனி. படி மெலனியிடம் இருந்தது, இது உறுதி. அவர் தானும் வைத்தியம் பார்த்துவந்தார். 1847இல் பாரிஸ் நீதிமன்றம் அனுமதியில்லாமல் மருத்துவம் செய்ததாக அவருக்கு 100 ஃபிராங்க் அபராதம் போட்டது, இதுவும் உறுதி. அமெரிக்க ஹோமியோபதியர்கள் படியை வாங்க முயன்றார்கள், பேரம் படியவில்லை. ஏன் என்பதில்தான் கதைகள் கிளம்புகின்றன. பேராசை என்பார்கள் சிலர். வழக்கில் அடிபட்டவர், மறுபடி வம்பு வருமோ என்று பயந்தார் என்பார்கள் சிலர். இந்தக் கதையை எழுதியவர்களில் பலருக்கு அந்தப் பெண்மணியைப் பிடிக்காது என்பது வரிக்கு வரி தெரியும். வயதான குருவை ஜெர்மனியிலிருந்து கொண்டுபோனவள் என்ற கோபம். அதனால் பேராசைக் கதையை நான் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. வறுமை வந்த காலத்திலும் அவர் படியை யாருக்கோ விற்றுத் தொலைக்கவில்லை, அதைத் திருத்தவும் இல்லை. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது விஷயம்தான்.

1865இல் நடந்ததைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். கோத்தனில் பெரிய மருத்துவமனை நடத்திய ஆர்தர் லுட்சே என்பவர், தானாகவே "ஆறாம் பதிப்பு" என்று ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். கையெழுத்துப் படி அவரிடம் இல்லவே இல்லை. ஐந்தாம் பதிப்பை எடுத்து, 1833இல் அச்சுக்கு முன் நீக்கப்பட்ட இரட்டை மருந்துப் பத்தியை 274ஆம் பத்தியின் வாலாகச் சேர்த்துவிட்டார். லுட்சே இரட்டை மருந்து கொடுப்பவர், அவருக்கு குருவின் வாயிலிருந்தே அனுமதி வேண்டியிருந்தது. ஜெர்மன் ஹோமியோபதியர்கள் கண்டித்தார்கள். உண்மைப் படி என்னிடம்தான் இருக்கிறது என்று மெலனியும் அறிவித்தார். அந்தப் பத்தியை ஒருகாலத்தில் ஹானிமன் எழுதியது உண்மைதான். ஆனால் ஆசிரியர் எடுத்துவிட்டதை 32 வருடம் கழித்து இன்னொருவர் திரும்ப ஒட்டிவைத்து ஆறாம் பதிப்பு என்று பெயர் வைத்தால் அதைப் போலி என்றுதான் சொல்ல முடியும். உங்கள் சந்தேகம் இந்த லுட்சே புத்தகத்தின் மேல் வந்திருந்தால் முழுக்க நியாயம். இணையத்தில் "ஆறாம் பதிப்பு போலியாமே" என்று உலவும் பேச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது, 1865ஐயும் 1921ஐயும் குழப்பிக்கொண்டு பேசுகிறார்கள்.

மெலனியின் வளர்ப்பு மகள் சோஃபி, போனிங்ஹாசனின் மகனைக் கல்யாணம் செய்துகொண்டார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தபோது காகிதங்கள் அந்தக் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு, வெஸ்ட்ஃபேலியாவின் டாரூப் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தன. மெலனி 1878இல் இறந்தார். அதற்கப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் எல்லாம் அந்த வீட்டில். ஷ்டுட்கார்ட் மருத்துவர் ரிச்சர்ட் ஹேல் அந்தப் படிக்காக விடாமல் அலைந்தார். ஃபிலடெல்ஃபியாவில் படித்தவர் என்பதால் அமெரிக்கத் தொடர்பு இருந்தது. முதல் உலகப்போர் முடிந்து ஜெர்மனி நொடித்துக் கிடந்த 1920இல்தான் குடும்பம் விற்க இறங்கிவந்தது. பணம் தந்தவர்கள் சான்ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த வில்லியம் போரிக், ஜேம்ஸ் வார்டு. அடுத்த வருடம் ஹேல் பதிப்பிக்க, லைப்சிக்கில் வில்மர் ஷ்வாபே பதிப்பகத்தில் ஆறாம் பதிப்பு வெளிவந்தது, 291 பத்திகள். பணம் கொடுத்தவர்கள் பக்கமே படியும் போனது. இன்று அது சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் போய்ச் சரிபார்க்க ஒரு படி இருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல, பல பழைய நூல்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சரி, உள்ளே என்ன மாறியது? பல இடங்களில் "உயிராற்றல்" என்பதை அடித்து "உயிர்த்தத்துவம்" என்று எழுதியிருக்கிறார். நடைமுறையில் பெரிய மாற்றம் 246 முதல் 248 வரையிலான பத்திகளிலும் 270ஆம் பத்தியிலும்தான். ஐந்தாவதின் 270இல் பழைய முறை: இரண்டு துளி மருந்துக் கலவை, 98 துளி ஆல்கஹால், இரண்டே குலுக்கல், அப்படியே இன்னும் 29 சீசா. ஆறாவதின் 270இல் பத்தியே ஊதிப் பெருத்துவிட்டது. மருந்தைப் பால்சர்க்கரையோடு மூன்றாம் நிலை வரை அரைத்து, ஒரு கிரெயின் (பழைய மருந்து எடை, சுமார் 65 மில்லிகிராம்) பொடியை 500 துளி திரவத்தில் கரைத்து, அதில் ஒரு துளியை 100 துளி ஆல்கஹாலில் விட்டு 100 தடவை ஓங்கிக் குலுக்க வேண்டும். குலுக்கும்போது சீசாவைத் தட்டுவதற்குக் கெட்டியாக இருந்தாலும் கொஞ்சம் நெகிழும் பொருள் வேண்டுமாம். உதாரணத்துக்குத் தோல் அட்டை போட்ட புத்தகம் என்று அடிக்குறிப்பில் சொல்கிறார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நூலகர் என்ற முறையில் எனக்கு வயிற்றைக் கலக்கும். பிறகு அதில் ஒரு துளியால் 500 சிறு உருண்டைகளை நனைக்க வேண்டும். நூறை ஐந்நூறால் பெருக்கினால் ஐம்பதாயிரம், அதனால் ஐம்பதாயிர வீரியம் என்று பெயர். கடையில் எல்எம் என்று எழுதியிருப்பது இதைத்தான், ரோமன் எண்ணில் அப்படி எழுதினால் ஐம்பதாயிரம் வராது என்பது வேறு விஷயம். க்யூ என்று போடுபவர்களும் இருக்கிறார்கள்.

இந்தப் பகுதியை யாராவது பின்னால் செருகியிருப்பார்களோ என்று கேட்டால், இரண்டு சாட்சி சொல்வேன். ஒன்று புத்தகத்துக்குள்ளேயே: 246இன் அடிக்குறிப்பில், ஐந்தாம் பதிப்பில் நான் சொன்னது அப்போதைய அனுபவத்துக்கு உட்பட்டது, கடந்த நான்கைந்து வருடமாகக் கையாளும் புது முறையில் அந்தச் சிரமங்கள் தீர்ந்துவிட்டன என்கிறார். இன்னொன்று வெளியே: அவருடைய பாரிஸ் நோயாளிக் குறிப்பேடுகள் ஷ்டுட்கார்ட்டில் ராபர்ட் பாஷ் அறக்கட்டளையின் மருத்துவ வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன, கடைசி வருடங்களின் பக்கங்களில் இந்தப் புது வீரியங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆகவே அவர் செய்து பார்த்தது நிச்சயம். ஆனால் அதே குறிப்பேடுகளில் பழைய வீரியங்களும் தொடர்கின்றன. "கடைசியில் ஹானிமன் பழையதைக் கைவிட்டுவிட்டார்" என்று மேடையில் முழங்குவது குறிப்பேட்டைத் திறக்காமல் பேசுவது. 1921க்குப் பிறகும் இந்த 270ஐ யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1950களில் ஜெனிவாவின் பியர் ஷ்மிட் எழுதிய பிறகுதான் சூடுபிடித்தது. அச்சில் வந்த பிறகும் முப்பது வருடம் படிக்கப்படாமல் கிடந்திருக்கிறது!

இனி அந்த இரண்டு பெயர்கள். டட்ஜன் லண்டன்காரர். 1849இல் ஐந்தாம் பதிப்பை ஆங்கிலத்தில் தந்தார், 1893இல் அதைத் திருத்தி, முந்திய பதிப்புகளின் வேறுபாடுகளைப் பின்னிணைப்பாகச் சேர்த்துப் போட்டார். ஆறாம் பதிப்பு அவர் கண்ணில் படவே இல்லை, 1904இல் இறந்துவிட்டார். போரிக், பணம் தந்த அதே போரிக்தான், 1922இல் ஆறாவதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மூலம் மாறாத இடங்களில் டட்ஜனின் ஆங்கிலத்தையே வைத்துக்கொண்டு, மாறிய இடங்களை மட்டும் புதிதாகச் செய்தார், முன்னுரையில் டட்ஜனுக்குக் கடன்பட்டதை ஒப்புக்கொள்கிறார். ஆக, நம் மாணவர்கள் போரிக் என்று நினைத்து மனப்பாடம் செய்யும் வாசகங்களில் பெரும்பாலானவை விக்டோரியா காலத்து டட்ஜனுடையவை. நீளமாகச் சுற்றிவரும் அந்த வாக்கியங்களைப் பார்த்து ஹானிமனைத் திட்டாதீர்கள் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஜெர்மனிலும் நீளம்தான், ஆனால் அந்தக் கோட்டு சூட்டு கிடையாது.

நம் ஊரில் குழப்பம் முற்றியதற்குக் காரணம் மலிவு மறுஅச்சுகள். கொல்கத்தாவிலும் தில்லியிலும் வருடக்கணக்காக அடித்துத் தள்ளினார்கள், அதனால்தான் சாதாரண மாணவன் கையிலும் ஆர்கனான் இருக்கிறது, அதை மறக்கக்கூடாது. ஆனால் ஐந்தும் ஆறும் ஒரே அட்டைக்குள் வரும் புத்தகங்களில் எது எங்கே என்று தெரியாமல் போகும். ஒரு தடவை எங்கள் நூலகத்துக்கு வந்த கட்டில், முதுகில் ஆறு என்று அச்சு, உள்ளே சுத்தமாக ஐந்து. பெயர் சொல்ல விரும்பவில்லை, திருப்பி அனுப்பினோம். அதற்குள் ஒரு மாணவி அதைப் படித்துவிட்டு, "சார், எல்எம் வீரியம் 270இல் இருக்குன்னு மேடம் சொன்னாங்க, என் புக்ல இல்லையே" என்று வந்து நின்றாள். அன்றிலிருந்து புது ஆர்கனான் எது வந்தாலும் முத்திரை குத்துவதற்கு முன் 270ஐத் திறந்து பார்ப்பது எங்கள் பழக்கமாகிவிட்டது.

வாங்குவதைப் பற்றி இப்போது. தேர்வுக்கு என்றால் போரிக் போதும், கேள்வித்தாளும் அந்த வாசகத்தை ஒட்டித்தான் வரும். புரிந்து படிக்க என்றால் 1982இல் வந்த கியுன்ஸ்லியின் ஆங்கிலப் பெயர்ப்பு, அல்லது 1996இல் வெண்டா ஓ'ரெய்லி பதிப்பித்தது. இரண்டும் ஆறாவதை நேராக மொழிபெயர்த்தவை, விலைதான் கூடுதல். பாடபேதம் (பதிப்புக்குப் பதிப்பு வாசகம் மாறுவது), எது ஹேல் படித்தது எது படியில் இருப்பது என்ற ஆராய்ச்சிக்குப் போவதானால் ஜெர்மனில் யோசஃப் ஷ்மிட் 1992இல் ஹைடல்பர்க்கில் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பைத் தவிர வேறு வழியில்லை. கையெழுத்துப் படியோடு ஒப்பிட்டுச் செய்தது அது, ஹேலின் 1921 அச்சில் நேர்ந்த பிசகுகள் அதில் சரிசெய்யப்பட்டிருக்கின்றன. டட்ஜனை வீசிவிட வேண்டாம். அந்தப் பின்னிணைப்பு இல்லாமல் முதல் நான்கு பதிப்புகளின் மாற்றங்களை ஆங்கிலத்தில் பார்ப்பது கஷ்டம். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போனதும் அட்டையை நம்பாமல் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். 294 வரை ஓடி மெஸ்மரிசத்தில் (உடலில் ஓடும் காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொன்ன முறை) முடிந்தால் உங்கள் கையில் இருப்பது ஐந்தாவது. 291இல், குளியலைப் பற்றிப் பேசி முடித்தால் ஆறாவது.